ஒரு விரலுக்கு மூன்று நிழல்

சென்ற மாதம் என் தங்கை மகள் தன் புது வீட்டுச் சமையலறையின் வரைபடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். அலமாரி செய்கிறவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தது. கூரையில் பன்னிரண்டு சின்ன விளக்குகள், நான்கு நான்காக மூன்று வரிசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நீ எங்க நின்னு காய் நறுக்குவ?" என்று கேட்டேன்.

அவள் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். மூன்று வரிசையும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"பன்னெண்டு இருக்குல்ல மாமா, அதுல ஒண்ணுலேருந்து கூடவா வெளிச்சம் வராது?"

வராது, அவள் தலையின் நிழல்தான் காய்மேல் விழும் என்று விளக்குவதற்குள் காபி ஆறிப்போனது. கிளம்பும்போது, "இத நான் போய் சொன்னா எங்க வீட்டுக்காரரு நம்பமாட்டாரு. எழுதிக் குடுங்க, படிச்சா நம்புவாரு" என்றாள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கினால் விளக்கைவிட அதிகமாகப் பூங்காவனம் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். அவரைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நான் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிப்பு முடித்து, பஞ்சாலையில் சேர்ந்து, பதினெட்டு வருஷம் அங்கேயே இருந்தேன். மோட்டார் எரியும், ஃபியூஸ் போகும், ஏணி ஏறுவோம், இறங்குவோம். அந்தக் காலத்தில் சொல்லத் தகுந்தது ஒன்றுதான். தறிப் பகுதியில் ஒரு நெசவுக்காரர், அறுந்த நூல் கண்ணில் படவில்லை என்று எங்களோடு தினமும் சண்டை போடுவார். மேலே இன்னொரு டியூப் மாட்டினோம். படவில்லை. அதற்கு மேலும் ஒன்று மாட்டினோம். அப்போதும் படவில்லை. கடைசியில் அவரே ஒரு பல்பை ஒயரோடு இழுத்துவந்து தறிக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டார். அறுந்த நூல் பளிச்சென்று தெரிந்தது. படித்த எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அந்த வெட்கம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஆலை மூடியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. எட்டு மாதம் வேலையில்லாமல் அலைந்த பிறகு அந்துவான் முசியேவிடம் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் மின்சார வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், பேரோடு ஐயாவுக்குப் பதிலாக முசியே சேர்ப்பார்கள். பென்ஷன் வாங்கி வீட்டில் இருக்கப் பிடிக்காமல், முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன அறை எடுத்து, வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொடுக்கும் தொழிலை நடத்திவந்தார்.

நல்ல உயரம். சட்டையை எப்போதும் உள்ளே விட்டிருப்பார். எங்கள் யாரையும் நீ என்று சொன்னதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் நாற்காலி போட்டால் உட்காரமாட்டார், காபி கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். ஒரு கண்ணில் புரை எடுத்து அப்போதுதான் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். அவருடைய பையில் ஸ்க்ரூடிரைவரைத் தேடினால் கிடைக்காது. ஒரு சாக்பீஸ், டேப், முகம் மழிக்கிற வட்டக் கண்ணாடி, நீளமான ஒயரில் மாட்டிய ஒரு பல்பு. இவ்வளவுதான்.

சமையலறைக்கு விளக்குத் திட்டம் போட அவருக்கு ஒரு முறை இருந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் போவார். அந்த வீட்டில் சமைக்கிறவரை வழக்கம்போலச் சமைக்கச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பார். அரை மணி நேரம் ஒன்றும் பேசமாட்டார். சமைக்கிறவர் அதிக நேரம் நிற்கிற இடங்களில் பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுவார். நறுக்குகிற இடம், அடுப்படி, பாத்திரம் கழுவும் தொட்டி. பெரும்பாலும் இந்த மூன்றுதான். பிறகு தலையின் நிழல் மேடையில் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு கோடு. அடுத்து அந்த வட்டக் கண்ணாடியை நறுக்குகிற இடத்தில் மல்லாக்க வைத்து, முழங்காலை மடக்கி, சமைக்கிறவரின் கண் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து பார்ப்பார். கண்ணாடிக்குள் விளக்கு தெரிந்தால் அந்த விளக்கு இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. பளபளப்பான மேடையாக இருந்தால் அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் வந்து குத்தும். கடைசியில்தான் ஒயர் பல்பை எடுப்பார். அதைக் கையில் பிடித்து அங்கும் இங்கும் நகர்த்துவார். "இங்கதான்" என்று சமைக்கிறவர் சொல்கிறவரை நகர்த்திக்கொண்டே இருப்பார். அவராக ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருமுறை கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றுக்குப் போயிருந்தோம். கூரை பதினாறு அடி உயரத்தில். அந்த வீட்டு மதாம் சமையலறைக்குக் கொத்து விளக்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முசியே குரலை உயர்த்தவே இல்லை. "மதாம், வெளிச்சம் உங்க கூரைக்கு வேணுமா, கத்திக்கு வேணுமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அலமாரிக்கு அடியில் இரண்டடி டியூப் ஒன்று மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

இத்தனையையும் மூன்று வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படியும் தவறு செய்தேன்.

முசியே ஒரு பள்ளிக்கூட வேலைக்காக இரண்டு வாரம் காரைக்கால் போயிருந்தார். அந்தச் சமயத்தில் கருவடிக்குப்பத்திலிருந்து வேலு என்று ஒருவர் வந்தார். சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலை. இருபத்தெட்டு வயதிருக்கும். அப்பாவும் என்னைப்போல ஆலைத் தொழிலாளிதான், இறந்து பல வருஷமாகிறது. அம்மா பூங்காவனம், தட்டாஞ்சாவடிப் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து மகனை ஆளாக்கியிருக்கிறார். இப்போதும் இருபத்திரண்டு கேரியர் போகிறது. மகன் அம்மாவுக்காகப் பழைய சமையல்கட்டை இடித்துவிட்டு, கறுப்பு கிரானைட் மேடையோடு புதிதாகக் கட்டிக்கொடுத்திருந்தார்.

"புதுசு கட்டனதிலேருந்து அம்மா ரெண்டு வாட்டி கைய அறுத்துக்கினாங்கண்ணே. பக்கத்து வீட்டு சுவரு ஒட்டனாப்பல இருக்கு, பகல்லயும் இருட்டுதான். இந்த மாதிரி போட்டுக் குடுங்க" என்று பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை நீட்டினார். மேடைக்கு மேலே மூன்று ஹாலஜன் விளக்குகள், மூன்று கூம்பாக வெளிச்சம். அப்போது அதுதான் புது மோகம்.

முசியே வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் விளக்கு இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், மேடைக்கு நேர் மேலே மாட்டினால் தலை நிழல் விழாது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். சாக்பீஸும் இல்லை, கண்ணாடியும் இல்லை. இரண்டே நாளில் மாட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும் கறுப்புக் கல் நகைக்கடை மாதிரி மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது.

பூங்காவனம் அம்மா கீழே நின்று கண்ணைச் சுருக்கினார். "என்னா தம்பி, தலைமேல வெயில் அடிக்கிறாப்பல இருக்கு?"

"பழகிடும் அக்கா" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் வேலு மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"அம்மா கொதிக்கிற கஞ்சிய கால்ல ஊத்திக்கினாங்கண்ணே."

அந்த வீட்டில் சோற்றை வடித்துத்தான் சமைப்பார்கள். பெரிய குண்டானைத் தட்டால் மூடி, துணியால் பிடித்து, தொட்டிப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். சாய்த்தபோது கஞ்சி தொட்டியில் விழாமல் மேடை விளிம்பில் பட்டு, இடது பாதத்தில் கொட்டிவிட்டது. என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் சொன்னது வேறு.

"உங்கமேல ஒண்ணும் இல்லண்ணே. அவ்ளோ வெளிச்சம் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதுலயும் தெரியலன்னா அம்மாவுக்கு முடியலன்னுதானே அர்த்தம்? இனிமே அடுப்பாண்ட விடமாட்டேன். பட்டறைல எல்லாம் இனிமே சாப்பாடு கெடையாதுன்னு திங்கக்கெழம சொல்லிடப்போறேன். அந்த லைட்டு எதுக்கு சும்மா, வந்து கழட்டிட்டுப் போங்க."

மறுநாள் போனேன். பூங்காவனம் அம்மா காலில் கட்டோடு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து "வாங்க தம்பி" என்றதோடு சரி. பெரிய குண்டான்களை மகன் பரண்மேல் ஏற்றிவிட்டிருந்தார். கழுவிய கேரியர்கள் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தன. அந்தச் சாக்கைப் பார்க்காத மாதிரி அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் விளக்கைப் போட்டு, ஸ்டூல்மேல் ஏறுவதற்காக மேடையில் கையை ஊன்றினேன். கை அப்படியே நின்றுவிட்டது. என் ஒவ்வொரு விரலுக்கும் மூன்று நிழல். இடது விளக்கு ஒன்று, நடு விளக்கு ஒன்று, வலது விளக்கு ஒன்று. எது விரல், எது நிழல் என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது. நிமிராமல் கல்லைப் பார்த்தால் மூன்று விளக்கும் கல்லுக்குள்ளிருந்து என் கண்ணைப் பார்த்து எரிந்தன. அந்தக் கண்கூச்சத்தோடு தொட்டிப் பக்கம் திரும்பினால் அங்கே ஒன்றுமே தெரியவில்லை. மூன்று கூம்பும் தொட்டிக்கு ஒரு முழம் முன்னாலேயே முடிந்திருந்தன.

மகன் நல்ல மனதோடு கழற்றச் சொல்கிறார். அம்மாவும் என்னைக் குறை சொல்லவில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்டூல்மேல் ஏறி நின்று அப்படியும் நினைத்தேன், அதை மறைப்பதற்கில்லை. பிறகு கூடத்தில் கிடந்த சாக்கு ஞாபகம் வந்தது. இறங்கிவிட்டேன்.

"வேலு, இன்னைக்கு சாயந்தரம் எங்க முசியே ஊருக்கு வர்றாரு. அவரு பாக்கறவரைக்கும் இது இருக்கட்டும். பட்டறைல சொல்றத ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றேன்.

"எதுக்குண்ணே?"

"தப்பு என்னுது போல இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

அன்று மாலை பஸ்ஸில் வந்து இறங்கிய முசியேவிடம், வீட்டுக்குப் போகக்கூட விடாமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா கால் எப்படி இருக்கு?"

"கொப்புளம் பெருசுதான் முசியே. ஆறிடும்னு சொல்றாங்க."

"நாளைக்கு ஆறரை மணிக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பூங்காவனம் அம்மாவைச் சமைக்கச் சொல்ல முடியாது. மேடைக்கு முன்னால் உயரமான ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். முசியே ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்து, "மெதுவா நறுக்குங்கம்மா, அவசரமே இல்ல" என்றார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேடையில் வைத்து, குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க ஏழுமலை" என்றார். பார்த்தேன். மூன்று விளக்குகளும் கண்ணாடிக்குள் இருந்தன.

பிறகு அவர் ஹாலஜனை அணைக்கச் சொல்லி, ஒயர் பல்பைக் கையில் எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"அம்மா, இந்த பல்ப பாத்தா சுத்தி வட்டம் மாதிரி தெரியுதா?"

பூங்காவனம் அம்மா வாசற்படியில் நின்றிருந்த மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரிஞ்சுது" என்றார் முசியே. "வானவில்லு மாதிரி. ராத்திரி சைக்கிள்ல வந்தா எதிர்ல வர்ற பஸ்ஸு லைட்டு மொத்தத்தையும் அடைச்சிக்கும். இந்தக் கண்ணுல பொரை எடுத்தப்புறம் இல்ல."

"தெரியுது" என்றார் அவர், மிகச் சின்னக் குரலில். "ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா?" வேலு உள்ளே வந்துவிட்டார். "ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ அடுப்ப அணைச்சிடுவ. இப்ப அணைச்சிட்டயே." அவர் கத்தியை மேடையில் வைத்தார். "நான் என்னா காசுக்கா செய்யறேன்? நேரமாச்சின்னா அத்தினி பேரும் பட்டறை வாசல்ல வந்து நின்னுக்கினு வழிய பாக்கறானுவ. அத விட்டுட்டு இந்த நாற்காலில ஒக்காந்து நான் என்னாத்த பாக்கறது?"

வேலு தலையைக் குனிந்துகொண்டார். முசியேதான் பேசினார். "தப்பு கண்ணுல பாதி, விளக்குல பாதி. பொரை இருக்கிற கண்ணுக்கு இந்தக் கூச்சம் எதிரி. விளக்க நாங்க பாத்துக்கறோம். கண்ண டாக்டர் பாத்துப்பாரு. ரெண்டுமே சரியாகிற விஷயம்தான் தம்பி."

சரியாகும் என்று கேட்டதும் வேலு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அம்மாவுக்குப் பார்வையே போகிறது என்று அவர் தனியாக வைத்துப் புழுங்கியிருந்தது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அன்றே திட்டம் போட்டோம். மூன்று ஹாலஜனும் வேண்டாம். மேடைக்கு மேலே சுவரை ஒட்டியிருந்த அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி நாலடி டியூப். நீளமான விளக்கு என்பதால் நிழல் ஒன்றாக, மெத்தென்று விழும். டியூப் கண்ணில் படாமலிருக்க அதற்கு முன்னால் ஓர் அங்குல மரப்பட்டி. இவ்வளவு செய்தும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் டியூப் தெரிந்தது. "இந்தக் கல்லு மேல எங்க வச்சாலும் மூஞ்சில அடிக்கும்" என்றார் முசியே. நறுக்குகிற இடத்தில் கல்லை மறைக்கிற மாதிரி, பாலிஷ் போடாத அகலமான பலகை ஒன்று போடுவது என்று முடிவானது. தொட்டிக்கு இடது சுவரில், மூடி போட்ட சி.எஃப்.எல். விளக்கு ஒன்று. அதை எங்கே மாட்டுவது என்று முசியே ஒயர் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே, கீழே, இன்னும் கொஞ்சம் கீழே. பூங்காவனம் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "இங்க இங்க, அங்கயே நிறுத்துங்க" என்றார். தோள் உயரம். நான் சாக்பீஸால் குறித்தேன்.

"எவர்சில்வர் தொட்டி பளபளன்னுது, கஞ்சி வெள்ளையா விழுதா, ரெண்டும் ஒண்ணாப் பூடுது" என்று அவரே தொடர்ந்தார். "உள்ள ஒரு கறுப்பு சட்டிய வச்சிக்கினு அதுல வடிச்சா என்னா?"

முசியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்குங்க ஏழுமலை."

டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார், முதலில் வலது கண். நரம்பு நன்றாக இருக்கிறது, பயமில்லை என்று அவர் சொன்னதை வேலு அலுவலகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அறுவை முடிந்து ஒன்றரை மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கால் அதற்குள் ஆறிவிட்டது. பட்டறைக்காரர்கள் அதுவரை எங்கெங்கோ சாப்பிட்டார்கள். தினம் ஒருவர் வேலுவின் பைக்கை மறித்து, அம்மா எப்போது வருவார் என்று கேட்பாராம்.

மறுபடியும் சமையல் தொடங்கிய அன்று காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. டியூபைச் சரிபார்க்க வந்ததாகச் சொன்னேன். பூங்காவனம் அம்மா பலகைமேல் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காயை எடுத்து விளக்குப் பக்கம் திருப்பி, சொத்தை என்று தள்ளினார். மூலையைப் பார்த்து, "இந்த சுவத்துல இவ்ளோ பிசுக்கா, எவனும் சொல்லலியே" என்று மகனைத் திட்டினார். திட்டு வாங்கிய வேலு பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கேரியர் அடுக்குகளைத் துடைத்து வரிசையாக வைத்தார்.

சோறு வெந்தது. அம்மா குண்டானைத் தட்டால் மூடி, துணியைச் சுற்றிப் பிடித்தார். வேலு உதவிக்கு ஓர் அடி எடுத்துவைத்தார், அம்மா கண்ணாலேயே அவரை நிறுத்தினார். நான் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குண்டான் மேலெழுந்து, தொட்டி விளிம்பை அணைத்து, மெல்லச் சாய்ந்தது. தட்டின் இடுக்கிலிருந்து கஞ்சி ஒரே கோடாக, வெள்ளை நூல் மாதிரி, கறுப்புச் சட்டியின் நடுவில் விழுந்தது. விளிம்பில் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை வடித்து, குண்டானை நிமிர்த்தி மேடையில் வைத்து, துணியை உதறிய பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"வடிச்சாச்சு. மூச்ச விடு தம்பி" என்றார்.